வெட்டாமல் வைத்திருத்தல்

இணையத்தில் ஆடப்படும் ஒவ்வொரு சதுரங்க ஆட்டமும் தன்னைத்தானே பதிந்துகொள்கிறது. நகர்வுகளோடு சேர்த்து, ஒவ்வொரு நகர்வுக்கும் எத்தனை விநாடி செலவானது என்பதும் அந்தப் பதிவில் இருக்கிறது. பலகையில் ஆடிய காலத்தில் போட்டிக்காரர்கள் நகர்வுகளைத் தாளில் எழுதினார்கள். நேரத்தையும் கூடவே குறித்துக்கொண்டவர்கள் குறைவு. பழைய சாம்பியன்களின் பெரும்பாலான ஆட்டங்களில் எந்த நகர்வுக்கு எவ்வளவு நேரம் யோசித்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. இன்று மின்சார ரயிலில் நின்றுகொண்டே கைப்பேசியில் பத்து நிமிட ஆட்டம் ஆடுகிறவரைப் பற்றி அது தெரிகிறது. ஓர் ஆட்டக்காரர் எப்படி ஆடுகிறார், எங்கே வளர்ந்திருக்கிறார், எங்கே நின்றுபோயிருக்கிறார் என்று அறிய விரும்புகிறவர்கள் முதலில் படிக்கவேண்டியது இந்த விநாடிகளைத்தான் என்று நான் நம்புகிறேன்.

செங்கல்பட்டிலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்துபோகும் இளைஞர் ஒருவர் தன் ஆட்டங்களைப் பார்த்து அபிப்பிராயம் சொல்லும்படி கேட்டார். லிசெஸ் தளத்தில் ஆடுகிறார். ரேப்பிட் ரேட்டிங் 1600-க்குப் பக்கத்தில் வந்து அங்கேயே நிற்கிறது. “நம்ம ஸ்டைல் பொசிஷனல் சார். தேவையில்லாம ரிஸ்க் எடுக்க மாட்டேன். எனக்குப் பெட்ரோசியன்தான் பிடிக்கும்” என்றார். சொன்ன குரலில் பெருமை இருந்தது. அந்தப் பெருமையை மதித்தே அவருடைய ஆட்டங்களைப் படித்தேன்.

மேலோட்டமாகப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். வெள்ளைக்கு எப்போதும் லண்டன் சிஸ்டம்: டி4-இல் சிப்பாய், எஃப்4-இல் பிஷப், பிறகு இ3, சி3 என்று ஒரு முக்கோணம். கறுப்புக்கு, எதிராளி இ4 ஆடினால் காரோ-கான். இரண்டுமே உறுதியான தொடக்கங்கள். சீக்கிரமே காஸ்லிங் செய்துவிடுகிறார். தன் ராஜாவின் முன்னால் உள்ள சிப்பாய்களை அவர் தேவையில்லாமல் தள்ளுவதில்லை. வாய்ப்பு வந்ததும் ராணிகளை மாற்றிக்கொள்கிறார். முதல் பத்து நகர்வுகளில் காய் இழந்த ஆட்டம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. இந்த ரேட்டிங்கில் அது பெரிய விஷயம்.

விநாடிகளைச் சேர்த்துப் படித்தபோது வேறொரு மனிதர் தெரிந்தார்.

சதுரங்கத்தில் இரண்டு சிப்பாய்கள் ஒன்றையொன்று வெட்டக்கூடிய நிலையில் நிற்கும் கணம் ஒன்று உண்டு. இருவரும் வெட்டலாம், இருவரும் வெட்டாமலும் இருக்கலாம். வெட்டினால் எந்தக் கோடு திறக்கும், எந்தக் கட்டம் பலவீனமாகும், திரும்ப வெட்டும் காய் எங்கே போய் நல்ல இடம் பிடிக்கும் என்று ஆட்டத்தின் மொத்தக் கேள்வியும் அந்த இடத்தில் குவிந்திருக்கும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் அங்கே நேரத்தைச் செலவழிப்பார்கள். பல நகர்வுகள் அந்த இழுபறியை அப்படியே நிற்கவிட்டு, தங்களுக்கு வசதியான நேரம் வரும்வரை காத்திருப்பார்கள். நம் இளைஞர் அதே இடத்தில் இரண்டு விநாடி, மூன்று விநாடியில் வெட்டிவிடுகிறார். ராணிகள் எதிரெதிராக வந்தாலும் அப்படித்தான். வெட்டி முடித்து, பலகை அமைதியான பிறகு, எதுவும் அவசரமில்லாத ஒரு நிலையில் முக்கால் நிமிடம் உட்கார்ந்து யோசிக்கிறார். ஆட்டம் அதிகம் கேட்கும் இடத்தில் குறைந்த நேரம், ஒன்றும் கேட்காத இடத்தில் அதிக நேரம். திரும்பத் திரும்ப இதே கணக்கு.

ஆகவே அவருடைய வெட்டுகள் நிலையைக் கணித்து எடுத்த முடிவுகளாக எனக்குப் படவில்லை. இரண்டு விநாடியில் யாராலும் அதைக் கணிக்க முடியாது. எதிராளி என்ன செய்வானோ என்ற நிச்சயமின்மையோடு ஒரு நகர்வு கூடுதலாக இருப்பது அவருக்குத் தாங்கவில்லை. அதிலிருந்து வெளியே வரும் வழியாகத்தான் வெட்டுகிறார். அவர் தன் நடை என்று அழைப்பது, அவர் எவற்றிலிருந்தெல்லாம் விலகி ஓடுகிறார் என்பதன் தொகுப்பு. இது அவருக்கு மட்டும் உரிய குறையல்ல. தாக்குதல் ஆட்டக்காரன் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிற இன்னொருவரின் பதிவுகளைத் திறந்தால், நிதானமான நிலையில் ஒன்றும் செய்யத் தோன்றாமல் காயைப் பலிகொடுத்துத் தப்பிக்கிறவர் தெரியக்கூடும். அவர் தன்னை, தாக்குதலுக்குப் பேர்போன தால் என்பார். இவர் பெட்ரோசியன் என்கிறார்.

பெட்ரோசியன் என்ற பெயரை இவர் எடுத்ததால் அந்த மனிதரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டிக்ரான் பெட்ரோசியன் 1963 முதல் 1969 வரை உலகச் சாம்பியன். எதிராளியின் திட்டத்தை அவன் தொடங்குமுன்பே உணர்ந்து அடைத்துவிடுகிறவர். தோற்கடிக்க மிகக் கடினமானவர். எச்சரிக்கையான ஆட்டக்காரர்கள் எல்லோரும் அவரைத் தங்கள் குலதெய்வமாக வைத்துக்கொள்வது இதனால்தான். ஆனால் 1953-இல் சூரிச் கேண்டிடேட்ஸ் போட்டியில் ரெஷெவ்ஸ்கிக்கு எதிராக அவர் ஆடிய 25-ஆவது நகர்வை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையின் நடுச் சிப்பாய்கள் முன்னேறத் தயாராக நிற்கின்றன. கறுப்பின் காய்கள் நெருக்கடியில் இருக்கின்றன. பெட்ரோசியன் தன் யானையை இ6 கட்டத்தில், எதிராளியின் பிஷப் வெட்டக்கூடிய இடத்தில், அமைதியாகக் கொண்டுபோய் வைத்தார். செக் இல்லை, உடனடி மிரட்டல் எதுவும் இல்லை. யானையைக் கொடுத்து பிஷப்பை வாங்கிக்கொண்டால் அந்தச் சிப்பாய்களின் ஓட்டம் நிற்கும், தன் குதிரை டி5-க்கு வந்து அசைக்க முடியாமல் உட்காரும் என்று அவர் கண்டார். அப்படியே நடந்தது. ஆட்டம் டிரா.

இழுபறிக்குள்ளேயே இருந்துகொண்டு, கணக்குப் புத்தகத்தில் நஷ்டம் என்று எழுதப்படும் ஒன்றை ஏற்றுக்கொள்ளும் தைரியம் அந்த எச்சரிக்கைக்குள் இருக்கிறது. ஆபத்து எங்கே இருக்கிறது என்று அறிந்தவரின் எச்சரிக்கை அது. ஆபத்தை அறியுமுன்பே அந்த இடத்தைக் காலிசெய்துவிடுகிறவரின் எச்சரிக்கை வெளித்தோற்றத்தில் அதைப் போலவே இருக்கும். பலகையில் இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவது கடிகாரம்தான்.

வெட்டிவிட்டு வெளியேறும் ஆசை கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் வருவதில்லை. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகச் சாம்பியன் போட்டியின் 14-ஆவது ஆட்டம். குகேஷும் டிங் லிரெனும் ஆறரைப் புள்ளிகளில் சமம். இந்த ஆட்டம் டிரா ஆனால் டைபிரேக். பலகையில் ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப், சில சிப்பாய்கள். குகேஷுக்கு ஒரு சிப்பாய் மட்டும் கூடுதல். சரியாக ஆடினால் டிங் தப்பிக்கக்கூடிய நிலை. 55-ஆவது நகர்வில் டிங் தன் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்து யானைகளை மாற்றிக்கொள்ள அழைத்தார். குகேஷ் மாற்றிக்கொண்டார்; அடுத்த நகர்விலேயே தன் பிஷப்பை டி5-இல் வைத்தார். மூலையில் சிக்கியிருந்த டிங்கின் பிஷப்புக்குப் போக இடமில்லை. பிஷப்புகளும் போயின. ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய அந்த நிலையில் டிங்குக்குத் தோல்வி உறுதி. மூன்று நகர்வுகளுக்குள் ஆட்டம் முடிந்தது. பதினெட்டு வயதில் குகேஷ் சாம்பியன் ஆனார். டிங்கின் மனத்துக்குள் என்ன ஓடியது என்று நான் சொல்ல முடியாது. வெளியே நடந்தது மட்டும் தெளிவு: பலகையில் காய் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்ற கணக்கு அங்கே பொய்த்தது. ஒவ்வொரு மாற்றமும் புதிய நிலை. அதையும் புதிதாகவே மதிப்பிட வேண்டும்.

இங்கேதான் நம் இளைஞருடைய ஆட்டத்தின் பெரிய முரண் இருக்கிறது. வெட்டி வெட்டி அவர் போய்ச் சேரும் இடம் எண்ட்கேம், பெரும்பாலும் யானை எண்ட்கேம். அங்கே அவருக்கு அடிப்படைகள் தெரியாது. ஒரு சிப்பாய் குறைவாக இருந்து காப்பாற்ற வேண்டிய நிலைகளில் யானையைக் கடைசி வரிசையில் ஒடுக்கிவைத்துக்கொண்டு காத்திருக்கிறார். எதிராளியின் ராஜா நிதானமாக முன்னேறி வந்துவிடுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஃபிலிதோர் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் இதற்கான தற்காப்பைக் காட்டிவிட்டார். உங்கள் ராஜா அந்தச் சிப்பாய் ராணியாகவேண்டிய கட்டத்தில் நிற்கட்டும். யானையை உங்கள் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் வைத்து எதிராளியின் ராஜாவை உள்ளே விடாதீர்கள். சிப்பாய் அந்த வரிசைக்கு வந்தவுடன் யானையைப் பலகையின் மறுகோடிக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருங்கள். ராஜாவுக்கு ஒதுங்க இடம் இல்லை. டிரா. ஒரு மாலையில் கற்றுக்கொண்டு ஆயுள் முழுக்க வைத்துக்கொள்ளக்கூடிய அறிவு இது. இதைத் தெரிந்துகொள்ளாமல் எண்ட்கேமை நோக்கியே எல்லா ஆட்டத்தையும் ஓட்டுகிறவர், தன் பலத்துக்குப் போவதாக எண்ணிக்கொண்டு தன் பலவீனத்துக்குப் போகிறார்.

ஏன் இது இத்தனை நாள் அவர் கண்ணில் படவில்லை? அவர் பார்க்கும் எண்கள் எல்லாமே இதை மறைக்கின்றன.

முதலில் ரேட்டிங். அர்பாத் ஈலோ ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இயற்பியல் பேராசிரியர். அவர் வகுத்த ரேட்டிங் முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960-இலும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970-இலும் ஏற்றுக்கொண்டன. இருவரின் எண்களுக்கு இடையே 200 வித்தியாசம் இருந்தால், மேலே இருப்பவர் நான்கு ஆட்டத்தில் ஏறக்குறைய மூன்று புள்ளி எடுப்பார் என்பது அதன் சாரம். இந்த அளவீட்டின் எல்லையை ஈலோவே நன்றாக அறிந்திருந்தார்: தண்ணீரில் மேலும் கீழுமாக மிதக்கும் தக்கையின் இடத்தை, காற்றில் ஆடும் கயிற்றில் கட்டிய அளவுகோலால் அளப்பது போன்றது என்றார். லிசெஸ் பயன்படுத்துவது அதன் பின்வந்த வடிவம், மார்க் கிளிக்மன் உருவாக்கிய கிளிக்கோ-2. எல்லோரும் 1500-இல் தொடங்குகிறார்கள். எண்ணோடு அந்த எண் எவ்வளவு நிச்சயமற்றது என்பதையும் அது கணக்கில் வைத்துக்கொள்கிறது. ஆட்டக்காரர் மட்டும் அந்த நிச்சயமின்மையைப் பார்ப்பதில்லை. பன்னிரண்டு புள்ளி இறங்கினால் இரவு தூக்கம் போகிறது. அதை மீட்க உடனே இன்னோர் ஆட்டம், அதையும் தோற்று இன்னொன்று.

இன்னொன்றும் இருக்கிறது. தளம் நமக்கு ஏறத்தாழ நம் எண்ணுக்கு நிகரானவர்களையே எதிரில் உட்காரவைக்கிறது. நாம் வளர்ந்தால் எதிராளிகளும் வலுவானவர்களாக வருகிறார்கள். எனவே எவ்வளவு முன்னேறினாலும் வெற்றியும் தோல்வியும் பாதிக்குப் பாதியாகவே இருக்கும். தெருவில் நண்பர்களோடு ஆடியவருக்கு, நேற்றுத் தோற்கடித்தவனை இன்று தோற்கடிக்கும் மகிழ்ச்சி கிடைத்தது. இணைய ஆட்டக்காரருக்கு அது கிடையாது. “ஒரு வருஷமா அதே இடத்துல நிக்கிறேன் சார்” என்று இவர் சொன்னதில் உண்மையான வலி இருக்கிறது. ஆனால் அவருடைய பழைய ஆட்டங்களையும் புதிய ஆட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர் நின்ற இடத்தில் நிற்கவில்லை. முன்பு குதிரையின் இரட்டைத் தாக்குதலில் யானையை இழந்துகொண்டிருந்தவர் இப்போது அதை மூன்று நகர்வு முன்னதாகவே பார்த்துவிடுகிறார். தொடக்கத்தில் ரேட்டிங் வேகமாக ஏறுவதெல்லாம் இப்படிக் காயைச் சும்மா கொடுப்பதை நிறுத்துவதால் வருவது. அது முடிந்துவிட்டது. அடுத்த படி வேறு வகையானது; அதற்கு அவர் வேறு விதமாக உழைக்க வேண்டும்.

இரண்டாவது மறைப்பு, என்ஜின். ஆட்டம் முடிந்ததும் பொத்தானை அழுத்தினால் ஸ்டாக்ஃபிஷ் என்ற கணினி நிரல் எல்லா நகர்வுகளையும் மதிப்பிட்டு, பெரிய தவறுகளைச் சிவப்பில் காட்டுகிறது. 34-ஆவது நகர்வில் யானை எண்ட்கேமில் தவறியது சிவப்பாகத் தெரியும். 14-ஆவது நகர்வில் அவசரமாக வெட்டி, எதிராளியின் மோசமான பிஷப்புக்கு வழி திறந்துவிட்டது சிவப்பாவதில்லை. அதன் விலை ஒரு சிப்பாயில் கால்பங்கு இருக்கலாம். என்ஜின் அதைப் பொருட்படுத்தாமல் கடந்துபோகும். அப்படிப்பட்ட மூன்று நான்கு கால்பங்குகள் சேர்ந்துதான் 34-ஆவது நகர்வின் நெருக்கடி உண்டாகிறது. மேலும் காய்கள் குறைந்த எளிய நிலைகளில் சரியான நகர்வைக் கண்டுபிடிப்பது சுலபம் என்பதால், துல்லிய சதவிகிதம் அழகாக உயர்ந்து நிற்கும். அந்தச் சதவிகிதத்தைப் பார்த்துத் தன் நடை சரி என்று நம்பிவிட்டவரை யார் குறைசொல்ல முடியும்?

குகேஷின் ஆரம்பகாலப் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை அவரை என்ஜின் பக்கமே போகவிடாமல் பயிற்சி கொடுத்தார். எல்லோருக்கும் அது பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். அதன் பின்னால் உள்ள எண்ணம் மட்டும் எல்லோருக்கும் பொருந்தும்: பதிலைப் பார்க்குமுன் நம் கேள்வி என்னவாக இருந்தது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். முன்னாள் உலகச் சாம்பியன் மிகைல் பொத்வின்னிக் தன் ஆட்டங்களைத் தானே ஆராய்ந்து, குறிப்பெழுதி அச்சில் வெளியிட்டவர். பிறர் படித்துத் திருத்தும்படி தன் சிந்தனையைத் திறந்துவைத்தார். 1960-இல் இளைஞர் தாலிடம் பட்டத்தை இழந்தார். மறு ஆண்டு, 49 வயதில், 13-8 என்ற கணக்கில் அதை மீட்டார். எதிராளியை எவ்வளவு கூர்ந்து படித்தாரோ அவ்வளவு கூர்மையாகத் தன்னையும் படித்தவர் அவர். கணினி இல்லாத காலத்தில் அதற்குப் பிடித்த உழைப்பை எண்ணிப்பார்த்தால், ஆட்டம் முடிந்த கையோடு சிவப்புப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போவது எவ்வளவு பெரிய இழப்பு என்று புரியும்.

வேக ஆட்டங்களை மட்டும் ஆடிக்கொண்டிருப்பது ஏன் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். டச்சு உளவியலாளர் அட்ரியான் டி குரூட் தன் காலத்துத் தலைசிறந்த ஆட்டக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வை 1946-இல் வெளியிட்டார். மேதைகள் மற்றவர்களைவிட அதிக தூரம் கணக்கிடுவதில்லை. நல்ல நகர்வு அவர்கள் கண்ணில் முதலிலேயே படுகிறது என்பது அவர் கண்டது. 1973-இல் சேஸ், சைமன் என்ற ஆய்வாளர்கள் இதைத் தொடர்ந்தார்கள். உண்மையான ஆட்ட நிலை ஒன்றைச் சில விநாடி காட்டி மறைத்தால் தேர்ந்தவர்கள் பெரும்பாலான காய்களைத் திரும்ப அடுக்கிவிடுகிறார்கள். காய்களைக் கண்டபடி இறைத்துக் காட்டினால் அந்த மேன்மை ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. திறமை என்பது அர்த்தமுள்ள உருவங்களின் சேமிப்பு. நிதானமாகப் பார்த்துப் புரிந்துகொண்ட உருவம்தான் சேமிப்பில் சேர்கிறது. இரண்டு விநாடியில் வெட்டிக் கலைத்துவிட்ட நிலையை அவர் பார்க்கவே இல்லை. நூறு முறை அப்படிக் கலைத்தாலும் நூற்றொன்றாவது முறை அது புதிதாகவே தோன்றும். தளத்தின் புதிர்களும் இந்த ஓட்டையை அடைப்பதில்லை. புதிரில் ஏதோ இருக்கிறது என்று முன்பே தெரியும். ஆட்டத்தில் இப்போது யோசி என்று யாரும் சொல்வதில்லை.

அதனால் அவரிடம் நான் சொன்னவை எளிமையானவை. சிறிது காலம் பத்து நிமிட ஆட்டத்தை விட்டு, பதினைந்து நிமிடமும் நகர்வுக்குப் பத்து விநாடியும் கிடைக்கும் ஆட்டம் ஆடுங்கள். ரயிலில் வேண்டாம், வீட்டில் உட்கார்ந்து ஆடுங்கள். வெட்டு ஒன்று வாய்க்கும்போதெல்லாம் கையை நிறுத்தி, இதை வெட்டாமல் விட்டால் அவன் என்ன செய்வான் என்று ஒரு முறை கேளுங்கள். அவன் வெட்டினால் நமக்கு நல்லது என்று தெரிந்தால் அப்படியே வைத்திருங்கள். தோற்றால் அன்றைக்கு அடுத்த ஆட்டம் வேண்டாம். அந்த ஆட்டத்தையே எடுத்து, என்ஜின் இல்லாமல், எங்கே அசௌகரியமாக உணர்ந்தீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். அதன் பிறகு என்ஜின். யானை எண்ட்கேமின் அடிப்படை நிலைகளைப் பலகையில் காய் வைத்துப் பழகுங்கள். லண்டனையும் காரோ-கானையும் மாற்ற வேண்டாம். குற்றம் அவற்றில் இல்லை.

“அப்போ என் ஸ்டைல் தப்பா சார்?” என்று கேட்டார். அவர் கேட்ட விதம் என்னைத் தொட்டது. நடையைக் குறைசொன்னால் மனிதர்களுக்கு வலிக்கும். ஏனென்றால் அதைத் தங்கள் குணமாகவே அவர்கள் நினைக்கிறார்கள். தப்பில்லை, இன்னும் அது உருவாகவில்லை என்றேன். நல்ல நகர்வுகள் மூன்று கண்ணில் பட்டு, அவற்றில் ஒன்றைத் தன் ருசிப்படி எடுக்கும்போதுதான் நடை என்ற பேச்சு தொடங்குகிறது. ஒன்று மட்டுமே கண்ணில் படும்போது, அதுவும் அது நிம்மதி தருகிறது என்பதற்காகவே படும்போது, அங்கே தேர்வு இல்லை. வெட்டவும் தெரிந்து, வெட்டாமல் காத்திருக்கவும் தெரிந்து, அதற்குப் பிறகும் அவர் எளிய நிலைகளையே விரும்பினால், அன்றைக்கு அவர் பெட்ரோசியன் பெயரைச் சொல்லிக்கொள்ள முழு உரிமையும் அவருக்கு உண்டு.

பட்டமோ பரிசோ வரப்போகாத ஒருவர் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். எனக்கு இது மிக முக்கியமான கேள்வியாகப் படுகிறது. நம் அவசரங்கள் விநாடிக் கணக்கோடு பதிவாகி நம் முன்னாலேயே வைக்கப்படும் இடம் வாழ்க்கையில் வேறெங்கும் இல்லை. பேச்சில் அவசரப்பட்டது, முடிவில் அவசரப்பட்டது எல்லாம் நினைவில் நமக்குச் சாதகமாக மாறிவிடுகின்றன. இந்தப் பதிவு மாறுவதில்லை. அதைத் திறந்து நேராகப் படிக்கும் துணிவு வந்துவிட்டால், 1600 ரேட்டிங்கில் இருக்கிறவரும் உலகச் சாம்பியன் செய்த அதே வேலையைத்தான் செய்கிறார். அவருடைய எண் நூறு புள்ளி ஏறுமா என்பது எனக்குத் தெரியாது; ஏறும் என்றே எதிர்பார்க்கிறேன். ஏறாவிட்டாலும், இழுபறி நிலையில் ஒரு நிமிடம் பதறாமல் உட்கார்ந்து இரண்டு பக்கத்து நியாயத்தையும் பார்க்கப் பழகியவருக்கு அந்தப் பழக்கம் பலகைக்கு வெளியிலும் உதவும். இந்த ஆட்டத்தின் மேல் எனக்குள்ள மதிப்புக்கு இதுவே காரணம்.